ஒரு விரல் இடைவெளி

மாட்டிய டயரை மாட்டிய கையோடு கழற்றச் சொல்கிற ஆள் மைசூரில் ஒருவர்தான். அய்யாவு. அவர் காரின் ரிம்மில் டயரை ஏற்றி, காற்றடித்து, நட்டை முறுக்கிவிட்டு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வேன். அப்போது அவர் குனிவார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை விடுவார். பிறகு நடுவிரலையும் சேர்த்து விடுவார். உதட்டைப் பிதுக்குவார். "சரி வரலீங்ணா. கழட்டிருங்க." வருஷக்கணக்காக இதுதான் நடக்கிறது. என் தோள்பட்டை வலிக்கு வேறு காரணம் சொல்கிற டாக்டரை நான் நம்ப மாட்டேன்.

இதோடு விட்டாலும் பொறுத்துக்கொள்வேன். கழற்றச் சொல்வதற்கு முன்னால் என்னை எதிர்ச்சாரிக்கு அனுப்புவார். என் பஞ்சர் கடை அக்ரஹாரத்தில், பிள்ளையார் கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. "அக்கட்டால போயி நின்னு பாருங்ணா. தூரத்துல எப்படித் தெரியுதுன்னு சொல்லுங்க." நான் கையில் லீவரோடு ஸ்கூட்டர்களுக்கு நடுவே தெருவைத் தாண்டிப் போய், கோயில் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதுவரை பஞ்சருக்கு வந்தவர்கள் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அவரவர் வண்டிமேல் உட்கார்ந்திருப்பார்கள். நீயே போய்ப் பாரேன் என்றால், செய்தவன் கண்ணுக்குக் குறை தெரியாது என்பார்.

அந்தக் காரைச் செய்தவர் அவர்தான். மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்துக்காரர். மீசை முளைக்கும் முன்பே டிங்கரிங் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். நசுங்கிய அம்பாசிடர் கதவைத் தட்டித் தட்டி நேராக்குவது தொழில். தட்டும்போது நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். சுத்தியல் நின்றால் நாக்கும் உள்ளே போய்விடும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து அந்த இடத்தில் செம்புக் கம்பி வளைத்திருக்கிறார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பீரோவை விரலால் சுண்டிப் பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டார். தகடு மெல்லிசாக இருந்தால் அந்த வீட்டின் மேல் அவருக்கு ஒரு பரிதாபம் வந்துவிடும்.

எந்தக் கடையிலோ கிடைத்த காலண்டரில் ஒரு வெளிநாட்டுப் பந்தயக் கார் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. அய்யாவு அந்தத் தாளைக் கிழித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். விபத்தில் சப்பளிந்த ஒரு பழைய ஹெரால்டு காரைப் பேரம் பேசி வாங்கினார். எஞ்சினையும் சேஸையும் வைத்துக்கொண்டு மேல்பாகத்தை வெட்டி எறிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தகடு அடித்து, படத்தில் உள்ளதைப் போலவே ஒன்றை உண்டாக்கிவிட்டார். அது தெருவில் போனால் காலேஜ் பையன்கள் பைக்கில் ஒட்டினாற்போல வந்து ஃபாரின் காரா என்று கன்னடத்தில் கேட்பார்கள். அவரும் கன்னடத்திலேயே, இல்லை, மார்டள்ளி கார் என்பார்.

சிக்கல் டயரில்தான். கம்பெனிக்காரன் புத்தகத்தில் ஹெரால்டுக்கு அளவு உண்டு, காண்டெஸாவுக்கு உண்டு. அய்யாவு காருக்குக் கிடையாது. அந்த ரிம்மில் மூன்று அளவு ஏறும். மெல்லிசான அஞ்சு இருபது ஹெரால்டுக்கு உரியது. மாட்டினால் யானைக்குக் கொக்குக் கால் வைத்த மாதிரி இருக்கும். ஆறு நாற்பது தடியானது. மட்கார்டை நிறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அஞ்சு அறுபது. படத்தில் இருக்கும் காரில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் ஒரு விரல்தான் போகும் என்பது அய்யாவுவின் கணக்கு. காகிதத்தில் இருக்கிற காருக்குள் எப்படி விரலை விட்டுப் பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. தன் காரிலும் அந்த ஒரு விரல் வேண்டும். அதற்காகத் தடி டயரையே தேடித் தேடிக் கொண்டுவருவார்.

அந்தக் காரில் ஏற நிபந்தனை போட்ட ஒரே ஜீவன் அவர் மனைவி பஞ்சவர்ணம். வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர். பக்கத்தில் வந்தாலே சந்தன வாசனை வரும். நல்ல பாரியான உடம்பு. போன தசராவுக்கு முந்தின தசராவில், ஆயுத பூஜை அன்று, சாமுண்டி மலைக்குப் போகலாம் என்று அய்யாவு அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தடி டயர் மாட்டியிருந்த நாள். முதல் திருப்பத்திலேயே பின்பக்க இடது டயர் மட்கார்டில் உரசி, கருகல் வாசனையும் புகையும் வந்தன. தெருவே சிரித்தது. பஞ்சவர்ணம் பூஜைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்து, பஸ் பிடித்து மலைக்குப் போய் வந்துவிட்டார். வந்த பிறகு சொன்னாராம்: "இன்னும் ஒருக்கா ஏறுவேன். அன்னைக்கும் நடுத்தெருவுல இறக்கி உட்டீங்கன்னா, அப்புறம் ஆயுசுக்கும் கூப்பிடக் கூடாது."

அய்யாவு தனியாக ஓட்டிப் பார்த்தார். உரசவில்லை. அதே திருப்பத்தில் நாலு தடவை திருப்பினார், உரசவில்லை. ரோட்டைக் குறை சொன்னார். டயர் கம்பெனியைக் குறை சொன்னார். கடைசியில் என்னிடம் வந்தார். ஏய்யா, ஆள் ஏறினால் வண்டி இறங்கும், லோடோடு அளவு பார்க்க வேண்டும் என்று நான் தொழில்காரன் வாயில் வருகிறபடி சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "எம் பொண்டாட்டி உங்களுக்கு லோடாங்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் இரண்டு மாசம் என் கடைப் பக்கம் திரும்பவில்லை. எங்கேயோ போய் மெல்லிசு டயரை மாட்டிக்கொண்டு, வெட்கப்பட்டவன் மாதிரி சந்து சந்தாக ஓட்டினார்.

போன தசராவுக்குள் அந்த மெல்லிசும் வழுக்கையாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கடையில் மூச்சுவிட நேரமில்லாதபோது, அஞ்சு அறுபதில் ஒரு செட்டும் ஆறு நாற்பதில் ஒரு செட்டும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். மறுநாள் பஞ்சவர்ணம் ஏறப் போகிறார். அந்த ஒரு தடவைக்கு எது சரியான டயர் என்று தெரிய வேண்டும்.

முதலில் அஞ்சு அறுபது. குனிந்தார், இரண்டு விரல் தாராளமாகப் போனது. என்னை எதிர்ச்சாரிக்கு அனுப்பினார். கொஞ்சம் காலியாகத் தெரிகிறது என்று உள்ளதைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். கழற்றி ஆறு நாற்பதை மாட்டினேன். இப்போது சரியாக ஒரு விரல். அய்யாவுவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டு, விரலை உள்ளே விட்டபடியே பின்பக்க இடது சக்கரத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பஞ்சவர்ணம் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்தார். கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. நிற்கிற வண்டிதானே என்று காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, "முருகா" என்று சீட்டில் உட்கார்ந்தார்.

அய்யாவு அலறினார்.

"ஏனுங், பட்டப்பகல்ல இப்படியா கத்துவீங்க?" என்றார் பஞ்சவர்ணம், முன்னால் பார்த்தபடியே.

"எந்திரி புள்ள. விரலு, விரலு."

தாழ்வான சீட்டு, உட்காருவது சுலபம், எழுந்திருப்பது அப்படியில்லை. நான் ஒரு கையும் லாரி டிரைவர் ஒரு கையும் கொடுத்துத் தூக்கிவிட்டோம். நல்லவேளை, பட்டது ரப்பர் பக்கம். நகம் மட்டும் கறுத்துப்போனது. அய்யாவு விரலைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் விடுவேனா? இதைத்தானே அன்றைக்குச் சொன்னேன், லோடு என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு மாசம் முறைத்துக்கொண்டு போனாயே என்று அந்த அம்மா எதிரிலேயே போட்டு உடைத்தேன்.

பஞ்சவர்ணம் புருஷன் பக்கம் திரும்பினார்.

"அதுக்கா அண்ணங்கூட பேசாம இருந்தீங்க? நான் கனந்தான். ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்."

அய்யாவு விரலை வாயில் வைத்துக்கொண்டு, "நீ கனமில்ல புள்ள. ஸ்பிரிங்குதான் பழசு" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். லாரி டிரைவர் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மறுபடி ஆறு நாற்பதைக் கழற்றினேன். மறுபடி அஞ்சு அறுபது. தோள்பட்டை போகட்டும். அய்யாவு மனைவியை உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். "என்னைய வெச்சு நெல்லா குத்தறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவரும் ஏறி இறங்கினார். கடைசியாக உட்கார்ந்தபோது அய்யாவு வலிக்காத கையின் விரலை உள்ளே விட்டார். ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் போகவில்லை. உதடு பிதுங்கவில்லை. கழட்டிருங்க என்ற சொல்லும் வரவில்லை. பக்கெட்டுத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, அங்கேயே நின்றபடி போசியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை காருக்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை, குங்குமம் எல்லாம் ஆயிற்று. கடை வாசலில் வைத்துத்தான் பூஜை. பூசணிக்காய் உடைத்தது நான். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்ததும் நான்தான். பஞ்சவர்ணம் புது மைசூர் சில்க்கில் வந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கதவை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். கார் கிளம்பியதும் நான்கு பழமும் நசுங்கின. கார் தெருமுனைக்குப் போனது. முந்தின வருஷம் உரசிய அதே திருப்பம். நான் பம்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். கடையில் இருந்த எல்லாருமே காதைக் கொடுத்தோம். ஒரு சத்தமும் இல்லை. சிவப்பு வால் மறைந்தது.

ஆளுக்கு ஒரு வண்டியோடு வரிசையில் நின்றார்கள். காற்றடிக்கக் குனிந்தேன். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அதே கார் திரும்பி வந்தது. என் கடை முன்னால், இடப்பக்கம் கோயிலைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணத்தின் கை கதவில் இல்லை. கூடையிலிருந்து நழுவிய பூவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தது.

"என்னய்யா, உரசுதா?" என்றேன்.

"இல்லீங்ணா." மனைவிக்குக் கேட்காதபடி என் பக்கம் தலையை நீட்டினார். கறுத்த நகத்தோடு விரல் கோயில் சுவரைக் காட்டியது. "அக்கட்டால போயி நின்னு ஒருக்கா பாருங்ணா. இவ உக்காந்திருக்கறப்ப எப்படித் தெரியுதுன்னு."

நான் பம்பைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.