அண்ணையின் முதல் பரிசு

கொப்பன்கேகன் அருங்காட்சியகத்தில் ஊழியர் வண்டுகளின் இழுப்பறையைத் திறந்ததும் அந்துருண்டை மணம் வந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான வண்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் ஊசி.

"நானும் சின்னனில பொன்வண்டு காட்டி முதல் பரிசு எடுத்தனான்," என்று அண்ணை என் மகளிடம் பெருமையாகச் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு அப்போது ஏழு வயது. இலந்தை மரத்தில் பிடித்த பொன்வண்டை நெருப்புப்பெட்டியில் வளர்த்தேன். பெட்டியைக் காதருகே பிடித்தால் அதன் கால்கள் பிறாண்டுவது கேட்கும். ஒருநாள் பெட்டி வெறுமையாகக் கிடந்தது.

"அது பறந்து போட்டுது, தங்கச்சி. நான் கண்டனான்," என்றார் அண்ணை.

ஒரு கிழமையாக மரத்தடியில் அண்ணாந்து நின்று அதைக் கூப்பிட்டேன். அண்ணையும் என்னோடு நின்று தேடினார்.

பிறகு பள்ளிக்கூடக் கண்காட்சியில், அண்ணையின் கண்ணாடிப் பெட்டிக்குள், அது ஊசியில் குத்தப்பட்டிருந்தது. கழுத்தில் நான் கட்டிய சிவப்பு நூலைக்கூட அவர் கழற்றவில்லை. அண்ணையின் பெயரை வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்தார்; நானும் தட்டினேன்.

மாமா அதை எப்படிப் பிடித்தார் என்று மகள் டேனிஷில் கேட்டாள்.

"மாமா பிடிக்கேல்லை. அது என்ர வண்டு," என்றேன். அத்தனை வருடங்களில் அன்றுதான் அதைச் சொன்னேன்.

அண்ணை சிரித்தார். "ஒரு வண்டுதானே, தங்கச்சி," என்றார்.