மேசைக்கடியில் இருந்த தொடைக்கறி

போலந்தின் லுப்லின் நகரில், பழைய நகரத்துச் சதுக்கத்தில் வீட்டுக்கு வீடு சாரம் கட்டியிருந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போய் இரண்டு வருடம். கரி படிந்த சுவர்கள் மஞ்சளும் ரோஜா நிறமுமாக மாறிக்கொண்டிருந்தன. ஊரே மினுக்க, லுட்வீகாவுக்கு மட்டும் வேலை போய்விடுமோ என்ற பயம். அவள் வேலை பார்த்த அரசுக் கறிக்கடையை ரடோஸ்லாவ் என்ற இளைஞன் வாங்கிவிட்டான்.

"சனிக்கிழமைக்குள்ள இந்தத் தொடைக்கறி தீரணும் லுட்வீகாம்மா. இல்லேன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

கண்ணாடிப் பெட்டி நிறையப் புகையிட்ட பன்றித்தொடை. வந்தவர்கள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல கறி யாராவது வெளியே வைப்பார்களா? அப்படிப் பழக்கியவளே அவள்தானே! கறிக்குத் தட்டுப்பாடான அந்த அரசுக் கடை நாட்களில் நல்லதெல்லாம் மேசையின் அடித்தட்டில், தெரிந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு எலும்பு, அதுவும் இருந்தால்.

சனிக்கிழமை காலை மொத்தத்தையும் அடித்தட்டுக்கு மாற்றினாள். தெரிந்தவர்களில் ஒருத்தியான தையற்காரி வந்ததும் அவள் காதோரம் குனிந்தாள்.

"உனக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கேன்டி. வெளியில மூச்சு விடாதே."

அவள் விடாமல் இருப்பாளா? மதியத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டியது.

கடைசியில் ஒரே ஒரு துண்டு மிச்சம். பள்ளி ஆசிரியை ஸெனோபியா வந்தாள்.

"தொடைக்கறி இருக்கா?"

"இல்ல."

லுட்வீகா யோசிக்கவே இல்லை. இந்த ஆசிரியை ஒருநாளும் தெரிந்தவர்களில் ஒருத்தியாக இருந்ததில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னால் நின்றிருந்த ரடோஸ்லாவ் மேசைக்கடியில் குனிந்து பார்த்தான்.

"அப்ப இது என்ன, செங்கல்லா?"

போயிற்று வேலை. லுட்வீகா குனிந்தாள். துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இருக்கு டீச்சரம்மா. பழக்கதோஷம், வாயில வந்துடுச்சு."

ரடோஸ்லாவ் காலிப் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எல்லாம் வித்துட்டீங்க. திங்கட்கிழமை வாங்க. ஆனா அந்தத் தட்டை இன்னிக்கே கழட்டறேன்."

லுட்வீகாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அவசர அவசரமாகக் காகிதத்தை விரித்தாள்.

"முழுசா கட்டிடட்டுமா டீச்சரம்மா?"

ஸெனோபியா கறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமா கேட்டேன் லுட்வீகா. ரெண்டு பிள்ளைங்களும் நீ குடுத்த எலும்புல வெச்ச சாறு குடிச்சே வளந்துச்சுங்க. இப்ப ஜெர்மனியில இருக்காங்க." பையைத் திறந்தாள். "அதுல ஒரு சின்னத் துண்டம் வெட்டு, போதும். சாப்பிட நான் ஒருத்திதான்."