ரமோனாவின் பூட்டுப் பெட்டி

சட்டத்தை மதித்து நடந்ததால் வீட்டை இழந்த ஒருத்தியின் கதை இது. கேட்டு முடித்ததும் என்னைத் திட்டத் தோன்றும். திட்டுங்கள்.

ரமோனா எனக்கு எதிர்வீட்டுக்காரி. அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்துப் பியூப்லோ நகரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் துணி துவைத்தவள். நான் இரும்பாலையில் முதுகு ஒடிந்தவன். வயதானவர்களுக்கு மத்திய அரசு பாதி வாடகை கட்டும் ஒரு கட்டடத்தில் இருவரும் ஒண்டியிருந்தோம்.

கொலராடோவில் கஞ்சா விற்பதும் வாங்குவதும் குற்றமில்லை என்று ஆகிப் பல வருஷம் கழித்துத்தான் அவள் கஞ்சாக் கடைக்குப் போக ஆசைப்பட்டாள். நான்தான் கூட்டிப்போனேன். வாசலில் நின்ற காவலாள் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "போங்கம்மா, உங்களுக்கு இருபத்தொரு வயசு எப்பவோ தாண்டிடுச்சு" என்றான். இவள் நகரவில்லை. அடையாள அட்டையை நீட்டினாள். "பாரு தம்பி. சட்டம்னா எல்லாருக்கும்தான்."

உள்ளே, இருப்பதிலேயே வீரியம் குறைந்த கஞ்சா மிட்டாயாகக் கேட்டாள். விற்கும் பெண், "பாதி சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் பொறுங்க. ஒண்ணுமே ஆகலையேன்னு இன்னொண்ணை எடுத்துப் போட்டுக்காதீங்க" என்றாள். ரமோனா அதை ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டாள். சட்டம் சொல்கிறபடி பொட்டலத்தைப் பிரிக்காமல் என் காரின் டிக்கியில் வைத்தாள். வீட்டில் அதற்கென்று ஒரு பூட்டுப் பெட்டி. ரசீதுகளுக்குத் தனி உறை.

நான் கடைக்காரனுக்கு வரி அழுகிறவன் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் ஒருத்தனிடம் பாதி விலைக்கு வாங்கி, குளியலறை ஜன்னலில் தலையை நீட்டி ஊதுவேன்.

"என்ன கலந்திருக்கான்னே தெரியாம இழுக்கிறியே, பென்னி. உனக்கு அறிவு எப்பதான் வரும்?" என்பாள்.

"நீ அரை மிட்டாய்க்கு ஆயிரம் சட்டம் பேசு தாயே" என்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அரை மிட்டாய். ரேடியோவில் பழைய மெக்சிகோ பாட்டு. ஒன்பது வருஷமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் கேட்டேன். கதவு தாண்டி வரும், விக்கல் மாதிரி. நன்றாக இருந்தது.

மார்ச் மாதம் வருஷாந்தர சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவள் வீட்டில் குழாயைத் திறந்து பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். அலமாரி மேல் இருந்த பெட்டியைக் காட்டி, "இதுல என்னம்மா?" என்றார். நகை என்று சொல்லியிருந்தால் போயே போயிருப்பார். இவள் சாவியைத் தேடி எடுத்துத் திறந்து காட்டினாள். ரசீது உறையையும் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சட்டப்படி வாங்கினது தம்பி. நல்லா பாத்துக்கோ."

அவர் முகம் சுருங்கிப்போனது. "மாநிலத்துச் சட்டம் வேறம்மா. இது மத்திய அரசு பணம் போடற வீடு. இங்க இது கூடாதுன்னு ஒப்பந்தத்துல பதினோராம் பக்கத்துல இருக்கு."

பிறகு என் வீட்டுக்கு வந்தார். எலுமிச்சை வாசனைத் தெளிப்பானில் பாதியைக் காலி செய்திருந்தேன். "இங்க ஏதாவது இருக்கா?" என்றார். "நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது சார்" என்றேன். குறித்துக்கொண்டு போய்விட்டார். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி என்று சும்மாவா சொன்னார்கள்?

காலி செய்ய முப்பது நாள் கொடுத்துக் கடிதம் வந்தது. அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். மேலாளர் அம்மாள் கல் நெஞ்சுக்காரி இல்லை. "மூட்டு வலிக்குன்னு எழுதிக் குடுங்க. மேல பேசிப் பாக்கறேன்" என்றாள்.

"வலி ஒண்ணும் இல்லையே" என்றாள் ரமோனா. "சனிக்கிழமை கொஞ்சம் சிரிக்கலாம்னுதான்."

வெளியே வந்ததும் கத்தினேன். "ஒரு பொய்! ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா? வாய் தேஞ்சா போயிடும்?"

அவள் கைப்பையின் வாயை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். பதினோராம் பக்கம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு கீழ்த்தளத்தில் ஒருவரை இதற்காகத்தான் வெளியேற்றினார்கள். அவளிடம் சொல்லியிருந்தால் நேரே அலுவலகத்துக்குப் போய் விளக்கம் கேட்டிருப்பாள். அப்புறம் அவர்கள் ஒவ்வொரு மாடியாக மோப்பம் பிடிப்பார்கள், என் ஜன்னலும் தப்பாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் தங்கை வீட்டுக் கார் கொட்டகையில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். கடைசி நாள் சாமான்களை என் காரில் ஏற்றினேன். பூட்டுப் பெட்டியை முன் இருக்கையில் வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் டிக்கியில் வைத்து மூடினாள்.

"வண்டி உன்னோடது பென்னி. வழியில யாராவது நிறுத்தினா உன் மேலதானே கேஸ் வரும்" என்றாள்.

பதினோராம் பக்கத்தைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வண்டியை எடுத்தேன்.