எண்பது பவுண்டு காற்று

காலை ஐந்து மணிக்கு ராமாபுரத்தை விட்டுக் கிளம்பினோம். லாரியில் இருபத்தைந்து மூட்டை ராகி. முன்னால் டிரைவர் ரங்கண்ணன், அப்பா, நான். மைசூரில் ராகியை இறக்கிவிட்டு, தேய்ந்துபோன இரண்டு டயர்களுக்குப் புதிது வாங்கி வர வேண்டும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்த் தேறியவள் நான் ஒருத்திதான். டயர்க் கடையில் இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டுமென்று என்னை அழைத்துக்கொண்டார். முந்தின நாளே லாரியில் கிடந்த டயர் அட்டவணையை எடுத்துப் படித்து வைத்திருந்தேன். எங்கள் பாரத்துக்குப் பின் டயர் ஒவ்வொன்றிலும் எண்பது பவுண்டு காற்று.

எட்டு மணிக்குக் கொள்ளேகால். இட்லி, காபி, மூவருக்கும் மூன்றணா. அதன் பிறகு மைசூர் சமஸ்தானம். பாதையோரம் புளிய மரங்கள், அப்பால் நெல் வயல்கள்.

பத்தரைக்கு நரசீபுரம். நல்ல வெயில். காற்று அளக்கும் மானியை எடுத்துப் பின் டயரில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு காட்டியது. ரங்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஓடற சூட்டுக்கு ஏறுமுங்க அம்மிணி. காத்தால எம்பதுதான் புடிச்சேன். இப்ப எறக்கப்படாது."

"இது அச்சுப் போட்ட கணக்குங்கண்ணா. உங்க கைமதிப்பு இல்ல" என்றேன். காபிக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பா இறக்கச் சொல்லிவிட்டார். ரங்கண்ணன் குனிந்து நான்கு பின் டயர்களிலும் எண்பதுக்கு இறக்கினார்.

அங்கிருந்து பத்தாவது மைலில், வருணா ஊருக்கு அருகே, பின்னால் உள்பக்கத்து டயர் ஒன்று வெடித்தது. மாற்று டயரைப் பூட்ட ஒன்றரை மணி நேரம். காலையில் கண்டபடி காற்றடித்ததால்தான் டயர் கெட்டது என்று அப்பா முடிவு கட்டினார். "ராகி எறங்குனதும் சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிக்க ரங்கா. வேற டிரைவர் பாத்துக்கறேன்" என்றார். தப்பு ரங்கண்ணனுடையது என்றுதான் நானும் நம்பினேன்.

இரண்டு மணிக்கு மைசூர். அரண்மனைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தபடியே சந்தை வீதிக்குப் போனோம். டயர்க் கடைக்காரர் மூட்டை எத்தனை, வண்டியின் வெறும் எடை என்ன என்று கேட்டு, பின் அச்சில் விழும் பாரத்தை நான்காக வகுத்து, அதைத் தாங்கும் டயரைக் காட்டினார். ஒன்று தொண்ணூறு ரூபாய். அப்பா பணத்தைக் கொடுத்துவிட்டு ராகி மண்டிக்குப் போன பிறகு, கடைக்காரர் வெடித்த டயரைப் புரட்டினார். பக்கவாட்டில் துணிபோலக் கிழிந்திருந்தது.

"காத்து கொறஞ்சு ஓடி, சூடு தாங்காம போயிருக்கு. யாரு எறக்கினது?"

"நான்தானுங்க" என்றார் ரங்கண்ணன்.

மேசைமேல் என்னிடமிருந்த அதே அட்டவணை. எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது: இது வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு, சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது. வீட்டில் அந்த இரண்டு வரியையும் நான் படிக்கவே இல்லை. எண்கள் போதும் என்று இருந்துவிட்டேன்.

கடையில் நான் வாய் திறக்கவில்லை. புது டயர் பூட்டும்போதும் திறக்கவில்லை. ஐந்து மணிக்குக் கடைசி மூட்டை இறங்கியது. அப்பா சாவிக்குக் கையை நீட்டினார். ரங்கண்ணன் மறுபேச்சில்லாமல் மடியிலிருந்து எடுத்தார். அப்போதுதான் அட்டவணையை விரித்து, அந்த வரிகளைத் தமிழில் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நரசீபுரத்துலயும் நீதான் படிச்சுச் சொன்னே. இப்பவும் நீதான் சொல்றே. எது நெசமுன்னு எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

அப்பா சாவியை வாங்கவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ரங்கண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், லாரி விளக்கின் திரியைச் சரி செய்யப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மைசூரில் நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு கடையும் இரவு தங்கிய சத்திரமும்தான்; அதற்குமேல் பார்க்கக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. பனியில் ரங்கண்ணன் காற்றடித்து முடித்தபோது, அளந்து பார்க்க நான் தயாராக நின்றேன். அப்பா என்னைத் தாண்டிப் போய் அவரிடம் கேட்டார்: "எவ்வளவு இருக்குது ரங்கா?"