வேஷம் கலைக்காதவள்

இது நடந்தது. எனக்குக் கதை கட்ட வராது. எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய கல் கட்டடம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் அடைத்து வைப்பார்களாம். இப்போது அது அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் சாமானை வைத்துக் காட்டுகிற ரகம் இல்லை. நாங்கள் சிலபேர் அந்தக் காலத்து உடுப்பில், அந்தக் காலத்து மனிதர்களாகவே நடமாடுவோம். நான் தாதி. வெள்ளை அங்கி, துணித் தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து. நோய் தொற்றாமலிருக்க நோயாளிகளின் கடிதங்களுக்குப் புகை காட்டுவது, படுக்கை விரிப்பை அண்டாவில் போட்டு வேகவைப்பது எல்லாம் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுவேன்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். உடுப்பு மாட்டியபின் வேஷத்தைக் கலைக்கக் கூடாது. யாராவது செல்போனை நீட்டினால் "இதென்ன பெட்டி?" என்று முழிக்க வேண்டும். எங்களுக்குள் பேசிக்கொண்டாலும் அப்படித்தான். வைத்தியர் வேஷக்காரரை எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிடுவோம். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆசாமி அவர்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகள் வேறு தேசத்தில். வீட்டில் என்னோடு பேசுவது பிரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் உறுமத்தான் செய்யும். அதனால், நோயாளி வேஷத்துக்கு ஒரு பெண் வரப்போகிறாள் என்று ஆபீசில் சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமை உள் அறைக்குப் போனேன். கடைசிக் கட்டிலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். சாம்பல் நிறப் போர்வை. வெறுங்கால்.

"வந்துட்டீங்களா?" என்றேன்.

"வந்து ரொம்ப நாளாச்சு," என்றாள். "என்னை எப்ப விடுவீங்க?"

பரவாயில்லையே, முதல் நாளே பிய்த்து உதறுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். நோயாளி அப்படிக் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் எனக்கு மனப்பாடம்.

"நாளைக்கு," என்றேன்.

மழைக்காலம். கூட்டமே இல்லை. மத்தியானமெல்லாம் அவள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பேசினேன். சட்டப்படி, வேஷத்துக்குள்ளேயே. மகள் விமானம் ஏறிப் போனதைக் கப்பல் ஏறிப் போனதாக மாற்றிச் சொன்னேன். கண்ணீரை மட்டும் மாற்ற முடியவில்லை. அவள் தலையாட்டியபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னை அப்படி யாரும் உட்கார்ந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

டீ கொண்டு போய் வைப்பேன். தொடமாட்டாள். கொஞ்சம் கிட்டே போனால் கையை உயர்த்துவாள்.

"தள்ளி உக்காருங்க. தொத்திக்கும்."

நடிப்பில் இத்தனை ஈடுபாடா என்று அசந்து போனேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் வேஷம் கலைந்துவிடுமே.

புதன்கிழமை ஒரு குடும்பம் வந்தது. வாசற்படியிலேயே நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டார்கள். முடிந்ததும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஒத்தை ஆளா இப்படி நடிக்கிறீங்களே... அந்தக் கட்டில்ல நிஜமாவே யாரோ இருக்கிற மாதிரி இருந்துச்சு."

சிரித்து வைத்தேன். அறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். இருட்டில் அவளைக் கவனிக்கவில்லை போலும்.

திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கேதான் இருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. மூடுகிற நேரம். நல்ல மழை. டாக்டர் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. அந்த இரண்டு நாளும் வீட்டில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டமாவது கிட்டமாவது என்று தொப்பியைக் கழற்றினேன். உள் அறைக்குப் போனேன்.

கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டு...

"வேஷமெல்லாம் போதுங்க," என்றேன். "வாங்க, வீட்டுக்குப் போகலாம். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவீங்க."

சொட்டுவது நின்றது.

வெளியே மழை நிற்கவில்லை.

"உங்க வீட்டுக்கா?"

"ஆமா."

"வீட்ல யார் யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

போர்வையை ஒதுக்கினாள்.

"அப்ப சரி. வேற யாருக்கும் தொத்தாது."

கிறீச்...

கட்டிலை விட்டு எழுந்து நின்றாள். இத்தனை நாளில் அவள் எழுந்து நான் பார்த்ததே இல்லை. அவள் உட்கார்ந்திருந்த விரிப்பைப் பார்த்தேன். ஒரு மடிப்பு இல்லை. காலையில் நான் நீவிவிட்டது நீவிவிட்டபடியே இருந்தது.

எப்படியோ திரும்பி நடந்தேன்.

பின்னால் வெறுங்கால் சத்தம். சப்... சப்...

தாழ்வாரம். வெளி வாசல். தெருக் கதவு.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சப்... சப்...

அது என்னைத் தாண்டிப் போனது. ஈரத் தெருவில்... எனக்கு முன்னால்... என் வீட்டுப் பக்கமாக.

அந்த இரண்டு நாளும் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. மழையில் நனைந்த மூளை எதையோ நினைத்துக்கொண்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனதும், முதல் வேலையாக டாக்டரைப் பிடித்தேன்.

"அந்தப் புதுப் பொண்ணு இன்னிக்கு வந்தாச்சா?"

"எந்தப் பொண்ணு? அவங்க அடுத்த மாசம்தானே சேர்றாங்க."

கடைசிக் கட்டில், போர்வை, வெறுங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரின் முகம் சுண்டிப் போனது. உடுப்பு மாட்டியிருந்தும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பேசினார். அவரை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அந்தக் காலத்துல குணமானாலும் இங்கேருந்து சும்மா விடமாட்டாங்க. யாராவது ஒருத்தர் வந்து, வா வீட்டுக்குப் போகலாம்னு கூப்பிடணும். அப்பதான் கதவைத் திறப்பாங்க. கடைசியா ஒரு அம்மா இருந்திருக்காங்க. நோய் எப்பவோ போயிடுச்சு. ஆனா கூப்பிட ஒரு ஆள் வரல. வருஷக்கணக்கா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே... அந்தக் கட்டில்லயேதான் முடிஞ்சுதாம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாடி வீட்டம்மா படியிலேயே என்னை நிறுத்தினார்.

"சொந்தக்காரங்க வந்திருக்காங்க போல. நல்லதுதான், உங்களுக்கும் ஒரு துணை. ஆனா உள்ள ஆளை வச்சுக்கிட்டு வெளிய பூட்டிட்டுப் போறீங்களே... பாவம், எவ்வளவு நேரம்தான் தட்டுவாங்க?"

அன்றிலிருந்து நான் வீட்டைப் பூட்டுவதில்லை. சும்மா சாத்திவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை முடிந்ததும் முன்போல் அங்கே இங்கே சுற்றாமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்பதும் உண்மை.

வந்து பார்த்தால், கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும்.

தட்டுவேன்.

திறக்கும்.