ஜெயித்தவர் போட்ட தகராறு

பியோ குவாங்சிக்குக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. குன்சான் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்த காலத்தில் சாரத்தில் நின்றபடியேதான் சாப்பிடுவார். சொந்த மகளின் கல்யாணத்தில் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்த அப்பா அவர். அப்படிப்பட்டவர் ஆடாமல் அசையாமல் உட்காரும் ஒரே இடம், மீன் சந்தைக்கு எதிர் மாடியிலிருந்த, கறுப்பு வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து எதிராளியைச் சுற்றி வளைக்கும் பாதுக் ஆட்டத்துக்கான மன்றம். பலகைக்கு முன்னால் கறுப்புக் கல்லும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் மதியச் சாப்பாடுகூட மறந்துபோகும்.

மகள் இருக்கும் தேஜோனுக்கே குடிபோய்விடலாம் என்று மனைவி ஹ்வாசுன் வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மன்றத்துக்கே வந்து எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். தப்பிக்க வழி தெரியாமல் பியோ சொன்னார்: "மா ஜோங்தேவ, கூடுதல் கல்லு வாங்காம ஒரே ஒரு தடவ ஜெயிச்சுட்டேன்னா மறுநாளே மூட்டை கட்டிடலாம்." மா அந்த மன்றத்தின் முதல் ஆட்டக்காரர்; பியோவுக்கு முன்கூட்டியே சில கற்களைக் கூடுதலாக வைக்க விட்டுத்தான் ஆடுவார். மன்றமே சிரித்தது. மாவை இவர் ஜெயிப்பது நடக்கிற காரியமா?

இன்று நடந்துவிட்டது.

பாதி ஆட்டத்திலேயே பியோவின் இடப்பக்கக் கற்கூட்டம் செத்த மாதிரிதான். ஏதோ கடுப்பில் நடுவில் ஒரு கல்லை வைத்தார். அப்புறம் என்ன ஆனதென்று அவருக்கே புரியவில்லை. மாவின் பெரிய வெள்ளைக் கூட்டம் நாலு பக்கமும் அடைபட்டுக் கிடந்தது. மா தாடையைச் சொறிந்தார். பிடிபட்ட கற்களில் இரண்டை எடுத்துப் பலகையில் வைத்தார். தோற்றேன் என்று அர்த்தம்.

ஆட்டம் முடிந்ததும் முதல் கல்லிலிருந்து திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். எங்கே தப்பு என்று தோற்றவர் கேட்பார், ஜெயித்தவர் பெருந்தன்மையாக எடுத்துச் சொல்வார். இன்று எல்லாம் தலைகீழ்.

"டேய், இதெல்லாம் ஒரு வெற்றியா? நீ அசந்துட்ட" என்றார் பியோ.

"அசரலண்ணே."

"காபி போடுறேன்னு நடுவுல எந்திரிச்சுப் போனியே!"

"அப்ப உங்க முறை. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்கதான் யோசிச்சீங்க."

பியோ எழுந்தார், ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார். தேஜோனில் கடல் கிடையாது. மாவும் கிடையாது.

"இந்தா, இங்கதான் தப்பு" என்று பலகையில் விரலை ஊன்றினார். "இந்த மூலையில நீ வச்சிருந்தா நான் காலி."

மாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தன் தப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இருக்க முடியாது. வெள்ளைக் கல்லை எடுத்து மூலையில் வைத்தார். "ஆமாண்ணே, செத்தீங்க! என் தப்புதான். இந்த ஆட்டம் கணக்குல சேராது."

அதற்குள் பியோவின் கை கிண்ணத்துக்குப் போய்விட்டது. கறுப்புக் கல் ஒன்று, யாரும் நினைக்காத ஓரத்தில், டக்கென்று உட்கார்ந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்பு பிழைத்துவிட்டது. வெள்ளைதான் மாட்டிக்கொண்டது.

மா வேறிடத்தில் வைத்தார். பியோவின் கை அதற்கும் பதில் வைத்தது. கலைத்தார்கள், மறுபடி அடுக்கினார்கள், மறுபடி கலைத்தார்கள். வெள்ளை எங்கே போனாலும், கடுப்பில் வைத்த அந்த ஒரு கல் நடுவில் வந்து மறித்தது.

"அண்ணே, உங்க கல்ல வேற எங்கயாச்சும் வச்சுத் தொலைச்சிருக்கலாமே. நான் கேக்கவா போறேன்?"

"தெரிஞ்சே தப்பா வைக்க வரலடா."

மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஆடுங்க, இப்படி ஆடுங்கன்னு எத்தன வருஷமா கத்துனேன். இன்னைக்குத்தான் ஆடணுமா?"

பியோ போனை எடுத்தார். நின்றபடி அல்ல, உட்கார்ந்தே.

"ஹ்வாசுன், ஜெயிச்சுட்டேன்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "மா தம்பி ஏதாச்சும் தப்பா வச்சுட்டாராங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டை கட்ட வேண்டாம். அவர் பலகையைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "எல்லா வழியிலயும் வச்சுப் பாத்துட்டோம்."