மூன்றாவது இடத்தில் ஒரு கடிதம்

1982இல் பத்மாசினிக்கு நாற்பத்து நான்கு வயது. கோப்பாயிலிருந்து முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, கிணற்று நீரின் உப்புத்தன்மையை ஆராயும் நிலையமொன்றில் வேலை பார்த்தாள். தட்டெழுத்தில் இருபத்தைந்து வருடம். புதிதாக வந்திறங்கிய கொம்பியூட்டரில் எட்டு மாதம். அந்தக் கொம்பியூட்டரை இயக்கும் அடிப்படை நிரலான கேர்னலை எழுதியவன், இருபத்தொன்பது வயது எஞ்சினியர் தில்லைநாதன். அதில் பிழை என்று சொல்வது அவன் தாயைப் பழிப்பதற்குச் சமம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மருதனார்மடத்தின் அளவீடுகள் பிழை, அந்த ஒரு பைலை அழியுங்கள் என்றான். அழித்தாள். பிறகு பட்டியலைக் கேட்டாள். ஊருக்கொரு பைலாக மிச்சம் முப்பது ஊர்கள் வரவேண்டும். கோப்பாயும் சண்டிலிப்பாயும் மட்டும் திரையில் நின்றன.

“எல்லாத்தையும் துடைச்சுப் போட்டியளோ?” தில்லைநாதன் கத்தினான். “ரண்டு வருச அளவீடு, அக்கா! உங்களை நம்பிக் கொம்பியூட்டரைத் தந்த என்னைச் செருப்பாலை அடிக்கோணும்.”

“நான் ஒண்டைத்தான் அழிச்சனான். டிஸ்க்கைப் பாருங்கோ, ஒரு ஊரின்ரை இடம்தான் வெறுமையாகியிருக்கு. மற்ற இருபத்தெட்டும் அங்கைதான் கிடக்கு.”

“எனக்குப் படிப்பிக்கிறியளோ?”

“பட்டியல் முடிஞ்சுதெண்டு உங்கடை கேர்னலுக்கு எப்பிடித் தெரியும்?”

“பூச்சியத்தைக் கண்டா முடிஞ்சுது.”

“அழிச்ச பேரின்ரை இடத்திலை என்ன போடும்?”

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

“அதுவும் பூச்சியம்தானே? பந்தியிலை நடுவிலை ஒரு இலைக்கு ஆளில்லை எண்டா, அங்காலை இருக்கிறவைக்குச் சோறு போடமாட்டியளோ?”

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் பரமலிங்கம் வந்தார். முதலில் பேசுகிறவனை நம்புகிற மனிதர். முதலில் பேசியவன் தில்லைநாதன்.

“இனி நீர் வரத் தேவையில்லை,” என்றார் பரமலிங்கம். “விலக்கல் கடிதத்தைத் தட்டும். கையெழுத்து வைக்கிறன்.” அங்கே தட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தட்டெழுத்து யந்திரம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அதைத் தொடாமல் கொம்பியூட்டரின் முன் உட்கார்ந்தாள். நான்கு வரியில் தன்னைத் தானே விலக்கினாள். சேமித்தாள். புதிய பைலின் பெயர் முதலாவது வெற்றிடத்தில், அதாவது மருதனார்மடம் விட்டுப்போன மூன்றாம் இடத்தில் விழும் என்று அவளுக்குத் தெரியும். மறுபடி பட்டியலைக் கேட்டாள்.

கோப்பாய். சண்டிலிப்பாய். பத்மாசினியின் விலக்கல். அதன்பின் இருபத்தெட்டு ஊரும் வரிசையாக இறங்கின. நடுவில் பூச்சியம் இல்லாததால், கேர்னல் உண்மையான முடிவுவரை போய்த்தான் நின்றது.

தில்லைநாதன் திரையை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தான். “சின்னப் பிழை. ஆருக்கும் வரும்.”

“எஞ்சினியருக்கு வந்தாச் சின்னப் பிழை. எனக்கு வந்தா வீட்டை போ.”

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. அந்தக் கடிதத்தை அழியும்.”

“அழிச்சா ஊர்கள் திரும்ப மறையும், ஐயா. அழிச்ச இடத்துக்கு ஒரு அடையாளம், முடிவுக்கு வேறை அடையாளம் எண்டு இவர் மாத்தி எழுதட்டும். அதுவரைக்கும் கடிதம் கிடக்கட்டும்.”

மாற்றி எழுத அவனுக்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு காலையும், வேலை தொடங்குமுன் அவள் பட்டியலை அவன் காதில் விழும்படி வாசித்தாள்: கோப்பாய், சண்டிலிப்பாய், பத்மாசினியின் விலக்கல். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அவனைப் பார்த்து அதன்பின் ஒருநாளும் சிரிக்கவில்லை.